‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த பயிற்சியாளர்

கோல் மார்க்கெட்டைத் தில்லித் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1921இல் எழுந்த அந்த வட்டச் சந்தைக் கட்டடத்தைச் சுற்றியுள்ள அரசுக் குடியிருப்புகளில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. அருகே மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. இன்னொரு பக்கம் தால்கட்டோரா உள்ளரங்கமும் நீச்சல் வளாகமும் உள்ளன. 2010 காமன்வெல்த் விளையாட்டுகளில் குத்துச்சண்டையும் நீச்சலும் இவ்விரண்டு இடங்களில்தாம் நடந்தன. ஆகவே இப்பகுதியில் பணிபுரியும் வங்கி அலுவலருக்கு, காலை பத்து மணிக்கு வியர்வை உலராத விளையாட்டுச் சீருடையுடன் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்கள் புதியவர்கள் அல்லர்.

சென்ற ஆண்டு அப்படி வந்தவர் தென்மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர். அடையாளத்தை மறைத்து எழுதலாம் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார். தனியார் பயிற்சிக் கழகம் ஒன்றில் உடற்தகுதிப் பயிற்சியாளராக இருந்தவர். தனிநபர் கடன் கேட்டு வந்தார். ஊதியச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகவும் புதுப்பிக்கப்படவில்லை என்றும் சொன்னார். காரணம் கேட்டபோது சற்றுத் தயங்கினார்.

“அந்தப் பிள்ளையை ஓட விட்டிருந்தால் எனக்கு இந்தக் கடனே தேவைப்பட்டிருக்காது, மேடம்.”

பதினாறு வயது ஓட்டக்காரி. முழங்காலுக்குக் கீழே, முன்கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி. விரல் வைத்துத் தொட்டால் துடிக்கிறாள். ஓடும்போது தொடங்கும் வலி இரவு படுத்த பிறகும் இருக்கிறது. இளைஞர் அவளை ஓடவிடாமல் நிறுத்தினார். பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மூலம் விசாரித்ததில், ஐந்து மாதங்களாக மாதவிடாய் வரவில்லை என்பதும் எடை கூடிவிடும் என்று இரவு உணவை அவள் தவிர்த்து வந்ததும் தெரியவந்தன. மருத்துவரிடம் அனுப்பச் சொன்னார். மூன்று வாரத்தில் தேர்வுப் போட்டி இருந்ததால் கழகத்தாருக்கு அது பிடிக்கவில்லை. பெற்றோருக்கும் பிடிக்கவில்லை. ஊடுகதிர்ப் படத்தில் முதலில் ஒன்றும் தெரியாததால், “பயந்தாங்கொள்ளிப் பயிற்சியாளர்” என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்பில் விரிசல் தெரிந்தது. அதற்குள் அவருடைய ஒப்பந்தம் முடிந்திருந்தது.

வணிகவியல் படித்த எனக்கு அன்றுவரை உடற்தகுதிப் பயிற்சியாளர் என்றால் எடை தூக்கச் சொல்பவர் என்ற அளவில்தான் தெரியும். அவருடைய கடன் விண்ணப்பம் என்னைச் சற்றுப் படிக்க வைத்தது. பிள்ளைகளை விளையாட்டில் சேர்த்திருக்கும் வாசகர்களுக்கும், இத்துறையில் வேலை தேடும் இளைஞர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சுமையும் தாங்கும் திறனும்

நம் ஊர்களுக்கு வலிமைப் பயிற்சி புதியதன்று. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் நம்முடையவை. இளவட்டக்கல் தூக்கிய கதைகளைத் தென்மாவட்டங்களில் இன்றும் கேட்கலாம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து சென்ற சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 ஆகிய இரண்டு காமன்வெல்த் விளையாட்டுகளிலும் பளுதூக்குதலில் தங்கம் வென்றார். ஆனால், எந்த விளையாட்டு வீரருக்கும் அவரவர் ஆட்டத்துக்கேற்ப வலிமை, வேகம், தாங்குதிறன் ஆகியவற்றைத் திட்டமிட்டு வளர்ப்பதும், காயத்தைத் தடுப்பதும், காயமுற்றவரை மீண்டும் களத்துக்குக் கொண்டுவருவதும் ஒரு தனித்தொழில் என்ற எண்ணம் அண்மைக் காலத்தது.

1969இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பாய்டு எப்லி என்பவரைக் கால்பந்து அணியின் வலிமைப் பயிற்சியாளராக ஊதியத்துக்கு அமர்த்தியது. பளு தூக்கினால் உடல் இறுகி வேகம் குறையும் என்று பலரும் நம்பிய காலம் அது. எந்த ஆட்டக்காரராவது வேகம் குறைந்தால் உன் வேலை போய்விடும் என்று சொல்லித்தான் தலைமைப் பயிற்சியாளர் பாப் டெவனி அவரைச் சேர்த்துக்கொண்டாராம். ஆக, இத்தொழில் பிறந்ததே வேலைநீக்க எச்சரிக்கையோடுதான். ஆட்டக்காரர்களின் வேகம் குறையவில்லை. எப்லியின் வேலையும் நிலைத்தது. 1978இல் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய வலிமை மற்றும் உடற்தகுதிச் சங்கம் இன்று உலகெங்கும் அறியப்பட்ட சான்றிதழை வழங்குகிறது.

இத்தொழிலின் அடிப்படை எங்களைப் போன்றவர்களுக்குப் புரியாத ஒன்றன்று. உடலுக்குப் பழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான சுமையைத் தர வேண்டும். பிறகு உணவும் உறக்கமும் ஓய்வும் தர வேண்டும். அந்த ஓய்வின்போதுதான் உடல் வலுப்பெறுகிறது. தசை சில வாரங்களிலேயே வலுவடையத் தொடங்கும். தசைநாணும் எலும்பும் அதைவிட மெதுவாகவே வலுப்பெறும். ஆகவே இளம் வீரர் “எனக்கு நன்றாக இருக்கிறது, இன்னும் செய்கிறேன்” என்று சொல்லும்போது பேசுவது தசைதான். எலும்பு இன்னும் பின்தங்கியே இருக்கும். கடன் வழங்குமுன் நாங்கள் விண்ணப்பதாரரின் ஆர்வத்தைப் பார்ப்பதில்லை. தவணை கட்டும் திறனைப் பார்க்கிறோம். மேற்சொன்ன சிறுமி உணவைக் குறைத்துக்கொண்டே ஓட்டத்தைக் கூட்டினாள். வரவைக் குறைத்துத் தவணையைக் கூட்டினால் என்ன நிகழுமோ அதுதான் அவள் எலும்பில் நிகழ்ந்தது. இப்படிச் செலவுக்கேற்ற ஆற்றல் உணவிலிருந்து கிடைக்காமல் எலும்பு, மாதவிடாய், நோயெதிர்ப்பு, மனநிலை எல்லாம் சீர்குலையும் நிலையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனியாகப் பெயரிட்டு வரையறுத்தது. ஆண்களுக்கும் இது வரும். பெண்பிள்ளைகளிடம் மாதவிடாய் நின்றுபோவதைக் “கடும் பயிற்சியின் அடையாளம்” என்று பெருமையாகச் சொல்லும் பயிற்சியாளர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்று அந்த இளைஞர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

தண்டனையாகும் பயிற்சி

அளவு மீறினால் என்னவாகும் என்பதற்கு 2011 ஜனவரியில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்வார்கள். விடுமுறை முடிந்து திரும்பிய கால்பந்து வீரர்களுக்கு, அவர்கள் தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியைத் தோளில் சுமந்து நூறு முறை உட்கார்ந்து எழும் பயிற்சி தரப்பட்டது. சில நாள்களில் 13 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தசை நார்கள் சிதைந்து அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. கடும் தசைவலியுடன் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் ஊரில் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த முதல் நாளே நண்பர்களோடு போட்டி போட்டு நூறு பஸ்கி எடுப்பவர்களும் இதை நினைவில் வைக்கலாம்.

வெப்பம் இன்னும் கொடியது. 2018 மே மாதம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நாயர் என்ற 19 வயது வீரர் ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி இரு வாரங்களில் உயிரிழந்தார். உடனடியாகக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தியிருக்க வேண்டும், அது செய்யப்படவில்லை. தில்லியின் மே, ஜூன் வெயிலையும் சென்னையின் புழுக்கத்தையும் அறிந்த நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள்கள் வேண்டும். கோடை விடுமுறை முகாமின் முதல் நாளிலேயே பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றிப் பத்துச் சுற்று ஓடவிடும் வழக்கத்தைப் பெற்றோர்தாம் கேள்வி கேட்க வேண்டும். தில்லியில் குளிர்காலமும் சிக்கல்தான். 2017 டிசம்பரில் இங்கு நடந்த டெஸ்ட் போட்டியில் இலங்கை வீரர்கள் முகக்கவசத்தோடு களத்தில் நின்றதும், சுரங்கா லக்மால் மைதானத்திலேயே வாந்தி எடுத்ததும் பலருக்கும் நினைவிருக்கும். காற்று அந்த நிலையில் இருக்கும் நாளில் வெளிப்பயிற்சியை ரத்து செய்வதும் பயிற்சியாளரின் வேலையே.

பிறகு, பொடிகளும் மாத்திரைகளும். 2010ஆம் ஆண்டு தில்லி காமன்வெல்த் விளையாட்டுகளில் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் நம் பெண்கள் தங்கம் வென்ற இரவை இந்நகரம் கொண்டாடியது. சில வாரங்களில் குவாங்சோ ஆசிய விளையாட்டுகளிலும் தங்கம். அடுத்த ஆண்டே அந்த நால்வரில் மூவர் உள்ளிட்ட ஓட்டக்காரிகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினர். பயிற்சியாளர் வாங்கித் தந்த ஜின்செங் மாத்திரைகளில்தான் கலப்படம் இருந்தது என்று அவர்கள் வாதிட்டனர். பயிற்சியாளரான உக்ரைனின் யூரி ஓகொரோத்னிக் நீக்கப்பட்டார். ஆனால் உடலுக்குள் சென்ற பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது விதி. 2012இல் விளையாட்டு நடுவர் மன்றம் தடையை இரண்டு ஆண்டுகளாக உயர்த்தியது. லண்டன் ஒலிம்பிக் அவர்களுக்குக் கைநழுவியது. அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று முகாமில் யாராவது ஒருவர் கேட்டு நிறுத்தியிருந்தால் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. நிலைமை இன்றும் தெளியவில்லை: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213 தவறின. விதிகள் வீரரோடு நிற்பதில்லை. பொருளைக் கொடுத்த பயிற்சியாளரும் தடைக்கு உள்ளாவார். கடையில் பரிந்துரைக்கும் பொடியை மாணவனுக்குக் கைமாற்றும் இளம் பயிற்சியாளர் தம் தொழிலையே பணயம் வைக்கிறார்.

எடைக்குறைப்பைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 100 கிராம் கூடுதல் எடையால் இறுதிப் போட்டியை இழந்ததை நாடே பார்த்தது. இரவு முழுதும் உடற்பயிற்சி, நீராவி அறை, கடைசியில் தலைமுடியையும் வெட்டிப் பார்த்தார்கள்.

நிறுத்தி வைத்ததால் கிடைத்த பதக்கம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. மீராபாய் சானு 2016 ரியோவில் கிளீன் அண்டு ஜெர்க் பிரிவின் மூன்று முயற்சிகளிலும் தோற்றார். 2017இல் உலக வாகையர் ஆனார். அடுத்த ஆண்டு முதுகு வலியால் ஆசிய விளையாட்டுகளையே தவிர்க்க நேர்ந்தது. வலியோடு தூக்கிப் பார்க்கலாம் என்று யாரும் அவரைத் தள்ளவில்லை. 2020 அக்டோபரில் அவர் அமெரிக்கா சென்று, முன்னாள் பளுதூக்கும் வீரரும் இயன்முறை மருத்துவரும் உடற்தகுதிப் பயிற்சியாளருமான ஆரன் ஹார்ஷிக்கிடம் உடலின் சமநிலைக் குறைகளைச் சரிசெய்துகொண்டார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் கிளீன் அண்டு ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலகச் சாதனை. ஜூலையில் டோக்கியோவில் மொத்தம் 202 கிலோவுடன் வெள்ளி. அந்தக் கணக்கில் தூக்காமல் விட்ட நாள்களும் சேரும். ஆனால் அவற்றைப் பதிவேட்டில் காட்ட முடியாது.

இத்தொழிலின் சங்கடமே இதுதான். வராத காயத்துக்கு யாரும் பாராட்டுவதில்லை; தோற்ற போட்டிக்கு முதலில் மாற்றப்படுபவர் உடற்தகுதிப் பயிற்சியாளர். மாதாமாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒருவரால் “இன்று இவள் ஓடக் கூடாது” என்று சொல்ல முடியுமா? சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கிளைக்கு வந்த இளைஞரே சான்று. வீரரின் உடல்நலமும் பயிற்சியாளரின் வேலைப் பாதுகாப்பும் இரண்டு செய்திகள் என்று நான் நினைத்திருந்தேன். அவை ஒன்றே என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளையைச் சேர்க்கும்போது பயிற்சிக் கழகத்தில் எத்தனை கோப்பைகள் இருக்கின்றன என்று பார்க்கும் பெற்றோர், அங்குள்ள உடற்தகுதிப் பயிற்சியாளர் எத்தனை ஆண்டாக நிலைத்திருக்கிறார் என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். காயமுற்ற பிள்ளையைத் திரும்ப ஓடவிடும் முடிவை யார் எடுக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

எங்கள் வங்கியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கூடைப்பந்துக் களத்தில் பறந்த என் சக ஊழியர் ஒருவர், நாற்பத்தைந்து வயதில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே மாடிப்படி ஏறுகிறார். ஊசி போட்டுக்கொண்டு ஆடிய ஆட்டங்களை அவர் இப்போது பெருமையாகச் சொல்வதில்லை.

வேலை, படிப்பு, வரவு

வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. கிரிக்கெட்டில் சென்னைக்குத் தனி இடமே உண்டு: 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளர் ராம்ஜி சீனிவாசன், பின்னர் விராட் கோலியின் காலத்தில் அப்பொறுப்பில் இருந்தவர் சங்கர் பாசு. இருவரும் சென்னைக்காரர்கள். இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களும் மாநில அணிகளும் தொழில்முறை லீக் அணிகளும் தனியார் பள்ளிகளும் இன்று ஆள் எடுக்கின்றன. பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான்.

படிப்புக்கு, சென்னை நந்தனத்தில் ஹாரி க்ரோ பக் 1920இல் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி முதல், மேலக்கோட்டையூரிலுள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், குவாலியரின் லட்சுமிபாய் நிறுவனம், 1961இல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் வரை வழிகள் உள்ளன. எப்லியின் சங்கம் தரும் சான்றிதழுக்கு இளங்கலைப் பட்டமும் முதலுதவிச் சான்றும் தேவை; தேர்வு அறிவியல், செய்முறை அறிவு என இரு பகுதிகளாக நடக்கும். 2030 முதல் அங்கீகரிக்கப்பட்ட துறைப்படிப்பையே நிபந்தனையாக்குவதாக அச்சங்கம் அறிவித்துள்ளது. ஆகவே பணம் கட்டுமுன் கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது நல்லது. வார இறுதி வகுப்பில் சான்றிதழ் தரும் நிறுவனங்களும் ஏராளம். அவற்றின் விளம்பரங்களைப் போலவே சான்றிதழ்களும் பளபளப்பாக இருக்கும்.

இனி என் துறைக்கு வருகிறேன். பயிற்சியாளர்களுக்குத் தரப்படும் கட்டணத்தை வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்கீழ்த் தொழில்முறைக் கட்டணமாக 2008இல் அரசு அறிவித்தது. அதனால் பலருக்கும் பத்து விழுக்காடு வரி பிடித்துக்கொண்டே பணம் வரும். அதைச் செலவாக நினைத்து மறந்துவிடுபவர்கள் அதிகம். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். அதைவிட முக்கியமாக, ஊதியச் சான்றிதழ் இல்லாதவருக்குத் தொடர்ந்து தாக்கல் செய்த கணக்குகளே வருமானச் சான்று. அந்த இளைஞர் மூன்றாண்டாகத் தாக்கல் செய்யவில்லை. தனியாளாகப் பயிற்றுவித்துக் கையில் வாங்கிய பணத்தைக் கணக்கில் போடவும் இல்லை. “தொகை சிறிதுதானே, மேடம்” என்றார். சிறிய தொகைகள்தாம் மாதாமாதம் கணக்கில் தெரிய வேண்டும்.

அவர் கேட்ட தனிநபர் கடனை நான் பரிந்துரைக்கவில்லை. வேலையில்லாத நேரத்தில் அந்த வட்டி அவரைச் சாய்த்துவிடும். உடற்பயிற்சிக் கூடம் திறக்க முத்ரா கடன் கிடைக்குமா என்றும் கேட்டார். கிடைக்கும், பத்து லட்சம் வரை உண்டு, அதை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் வரையும் 2024 முதல் உண்டு. ஆனால் கருவிகளின் மதிப்பு வாங்கிய மறுநாளே குறையும், வாடகை குறையாது, புத்தாண்டில் சேரும் கூட்டம் மார்ச்சில் இருக்காது என்று எடுத்துச் சொன்னேன். இருந்த சிறு வைப்புத்தொகையின் பேரில் குறைந்த வட்டிக்கு ஒரு கடன் கொடுத்தோம். ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கான பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேர்த்தோம். தசைக் கிழிவுக்கு அது உதவாது, இறப்புக்கும் ஊனத்துக்குமே என்பதையும் சொல்லிவிட்டேன். மருத்துவக் காப்பீடு தனியே வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனிக்கணக்கில் சேர்க்கும்வரை வேறு முதலீட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்றேன். ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு குணத்திலிருந்து மட்டும் வருவதில்லை. கையிருப்பிலிருந்தும் வருகிறது.

பத்து மாதம் கழித்துச் சென்ற மாதம் மீண்டும் வந்தார். ஒரு தனியார் பள்ளியில் மூன்றாண்டு ஒப்பந்தம் கிடைத்திருந்தது. அதன் நகலைக் கொடுத்துவிட்டு, தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கினார். படிவத்தில் கையெழுத்திடும்போது அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

“இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், மேடம். புல்தரையில் ஓடத் தொடங்கியிருக்கிறாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், இருபது நிமிடம்.”